யார் வெட்டிய குழி?

தென்னாப்பிரிக்காவின் நடுவே, மழை அரிதாகப் பெய்யும் மேட்டு நிலத்தில், கிம்பர்லி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊருக்கு மத்தியில் ஒரு பிரம்மாண்டமான குழி. பதினேழு ஹெக்டேர் பரப்பு. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஏறத்தாழ 460 மீட்டர். அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு மேடையேறி நின்று எட்டிப் பார்க்கலாம்.

"மனிதன் கையால் வெட்டிய மாபெரும் குழி!" என்று உல்லாசப் பிரயாண விளம்பரங்கள் தம்பட்டம் அடிக்கின்றன. (இந்தப் பட்டத்துக்கும் பங்காளிச் சண்டை வந்துவிட்டது. பக்கத்து மாகாணத்திலுள்ள ஜாகர்ஸ்ஃபாண்டைன் குழிதான் கையால் அதிக ஆழம் வெட்டியது என்று 2005ல் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்!) போகட்டும். கையால் வெட்டியது என்பது மெய்தான். யார் கையால்? இந்தக் கேள்விக்கு மட்டும் விளம்பரத் தாளில் இடம் போதவில்லை.

குழியைப் பார்த்து முடித்தவர்களுக்கு ஊரில் இன்னும் பல வேடிக்கைகள் காத்திருக்கின்றன. பழைய கடைத்தெரு, ரயில் பெட்டி, பாக்ஸிங் கூடம், ஒன்றரை நூற்றாண்டு கண்ட மதுக்கடை எல்லாம் உண்டு. குதிரை மேலிருந்து இறங்காமலே மது வாங்கிக் குடிக்க வசதி செய்த மதுக்கடை ஒன்றும் உண்டு. சிசில் ரோட்ஸ் துரை அப்படித்தான் குடிப்பாராம். என்ன ரசமான செய்தி! துரை எப்படிக் குடித்தார் என்பது தெரிகிறது. துரையின் சுரங்கத்தில் வேலை செய்தவன் என்ன குடித்தான்? அதையும் சொல்லுவோம், சற்றுப் பொறுங்கள்.

1869ல் ஓர் ஆப்பிரிக்க இடையர் எண்பத்து மூன்றரை காரட் வைரம் ஒன்றைக் கண்டெடுத்தார். அதற்கு அவருக்குக் கிடைத்தது ஐந்நூறு ஆடு, பத்து மாடு, ஒரு குதிரை. வாங்கிய வெள்ளைக்காரர் அதை 11,000 பவுனுக்கு மேல் விற்றார். 1871ல் கோல்ஸ்பர்க் குன்றில் வைரம் கண்டவர் டாமன் என்ற சமையற்காரர் என்று ஊர்க்கதை சொல்கிறது. குடித்துவிட்டு வந்ததற்குத் தண்டனையாக எஜமானர் அவரைக் குன்றுக்குத் தோண்ட விரட்டினாராம். அந்தக் குன்றுதான் இன்று குழி. கண்டெடுத்தவர் பெயர் குன்றுக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. லண்டனில் காலனி மந்திரியாக உட்கார்ந்திருந்த கிம்பர்லி பிரபுவின் பெயரை 1873ல் ஊருக்குச் சூட்டினார்கள். நிலம் யாருடையது? கிரிக்குவா மக்கள் தங்களுடையது என்றார்கள். அவர்கள் உரிமையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு 1871 அக்டோபரில் பிரிட்டிஷ் சர்க்கார் அதைத் தன் ராஜ்யத்தில் சேர்த்துக்கொண்டது. ஆட்டைக் காக்கப் போன ஓநாயின் கதை!

முதலில் சதுரம் சதுரமாகப் பங்கு போட்டு ஆளுக்கொரு துண்டு வெட்டினார்கள். குழி ஆழமானதும் இடையில் விட்டிருந்த பாதைகள் சரிந்தன. கரையிலிருந்து ஒவ்வொரு துண்டுக்கும் கம்பி கட்டி, தோல் வாளியில் மண்ணை இழுத்தார்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் குழி முழுவதும் சிலந்தி வலை பின்னினாற்போல இருக்கிறது. கரையில் நின்று இழுத்தவர்களும், உள்ளே நின்று வெட்டியவர்களும் ஆகப் பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள்தான். பெடி, சோங்கா, சோத்தோ, சுவானா, ஜூலு என்று பல இனத்தவர் நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்தார்கள். 1914 ஆகஸ்டில் வேலை நிற்பதற்குள் அந்த ஒரு குழியிலிருந்து மட்டும் 2 கோடியே 25 லட்சம் டன் மண் வெளியே வந்தது. அதில் கிடைத்த வைரம் 2,720 கிலோ.

துண்டு துண்டாக இருந்ததை எல்லாம் பெரிய மீன்கள் விழுங்கின. ரோட்ஸும், எதிராளி பார்னி பார்னட்டோவும் போட்டி போட்டு விழுங்கி, கடைசியில் கைகோத்து 1888ல் டி பீர்ஸ் கம்பெனியை அமைத்தார்கள். கிம்பர்லி சுரங்கத்தை வாங்குவதற்கு 1889ல் எழுதிய 5,338,650 பவுன் காசோலையின் படத்தைப் பெருமையோடு புத்தகங்களில் போடுகிறார்கள். ஏகபோகம் எப்படிப் பிறக்கிறது என்று பாடம் நடத்த இதைவிட நல்ல ஊர் கிடையாது! அதே 1888 ஜூலையில் டி பீர்ஸ் சுரங்கத்தில் தீப்பிடித்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கத் தொழிலாளிகள்.

இனி அந்தக் கொட்டடிக்கு வருவோம். 1885ல் கிம்பர்லியில் முதல் மூடிய கொட்டடி வந்தது. அடுத்த ஆண்டே டி பீர்ஸ் சுரங்கமும் பின்பற்றியது. நான்கு பக்கமும் உயர்ந்த தகரச் சுவர். மேலே வானத்தை மறைத்துக் கம்பி வலை. ஏன் வலை? தொழிலாளி வைரத்தைச் சுவருக்கு வெளியே வீசிவிடக் கூடாதாம்! ஒப்பந்தம் முடியும்வரை, மாதக் கணக்கில், வெளியே காலெடுத்து வைக்க முடியாது. கொட்டடிக்கும் சுரங்கத்துக்கும் நேரே வழி. உள்ளேயே கம்பெனிக் கடை. பிரேசில் நாட்டு வைர வயல்களில் அடிமைகளை அடைத்து வைத்த கொட்டடிகளை முன்மாதிரியாகக் காட்டித்தான் இந்த யோசனை வந்தது. அடிமை முறை பிரிட்டிஷ் ராஜ்யத்தில் ஒழிந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு!

ஒப்பந்தம் முடிந்தாலாவது விடுதலையா? இல்லை. கடைசிச் சில நாட்கள் தனி அறையில் அம்மணமாக அடைப்பார்கள். விரல் மடக்க முடியாதபடி கைகளில் தோல் உறை மாட்டிப் பூட்டுவார்கள். பேதி மருந்து கொடுப்பார்கள். வைரத்தை விழுங்கியிருக்கிறானா என்று மலத்தைச் சலித்துப் பார்ப்பார்கள். துரையின் சுரங்கத் தொழிலாளி குடித்தது இதுதான்! குதிரை மேல் குடித்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லும் வழிகாட்டிகள் இந்தப் பானத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.

வெள்ளைத் தொழிலாளிகளையும் சோதனை போடத்தான் முதலாளிகள் முனைந்தார்கள். 1883லும் 1884லும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1884ல் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கடைசியில் வெள்ளையரை அம்மணமாக்கிச் சோதிப்பதைக் கம்பெனிகள் கைவிட்டன. கறுப்பருக்கோ கொட்டடியும் பேதி மருந்தும் வந்தன. ஒரே குழியில் நின்றவர்களைத் தோல் நிறத்தால் பிரித்து, ஒருவனுக்குச் சட்டையை விட்டுவைத்து, இன்னொருவனின் சட்டையை உருவினார்கள். வெள்ளைத் தொழிலாளி தன் சட்டை பிழைத்ததே பெரிது என்று இருந்துவிட்டான். பின்னால் தென்னாப்பிரிக்கத் தொழிலாளி இயக்கம் எத்தனையோ ஆண்டுகள் இந்தப் பிளவுக்கு விலை கொடுத்தது.

இன்னொரு சேதி. 1883ல் பெரியம்மை பரவியது. அதைப் பெரியம்மை என்று ஒப்புக்கொண்டால் வெளியூர்த் தொழிலாளி வர அஞ்சுவான், விறகும் தானியமும் வராது, சுரங்கம் படுத்துவிடும். ஆகவே சில டாக்டர்கள் "இது பெரியம்மையே அல்ல, ஏதோ கொப்புள வியாதி" என்று சான்று கொடுத்தார்கள். அவர்களில் முக்கியமானவர் டாக்டர் ஜேம்சன், ரோட்ஸின் ஆத்ம நண்பர். நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். டாக்டருக்குத் தண்டனை? 1904ல் கேப் காலனியின் பிரதம மந்திரியானார்!

தெருவுக்கு மின்விளக்கு போட்டதில் பூமியின் தென்பாதிக்கே தாங்கள்தான் முதல் என்று கிம்பர்லிக்காரர்கள் பெருமை பேசுவார்கள். 1882ல் போட்டார்கள். அதே 1882ல்தான் வைர வியாபாரச் சட்டமும் வந்தது. கையில் பட்டை தீட்டாத வைரம் இருந்தால், அது திருட்டல்ல என்று அவனே நிரூபிக்க வேண்டும். தவறினால் பல ஆண்டுச் சிறை. கொட்டடிக் கூலியும் போதாதென்று, கேப் சர்க்காரின் சிறைக் கைதிகளையும் கம்பெனி தன் வேலைக்கு வாங்கிக்கொண்டது. ரோட்ஸ் தானே பிரதம மந்திரியானதும், 1894ல் கிளென் கிரே சட்டம் கொண்டுவந்தார். ஊரைவிட்டுக் கூலி வேலைக்குப் போகாத ஆப்பிரிக்கனுக்குப் பத்து ஷில்லிங் வரி. சொந்த நிலத்தில் உழுதால் அபராதம் என்று பச்சையாகச் சொல்வதற்குப் பதில் வரி என்றார்கள், அவ்வளவுதான்.

அந்த ரோட்ஸ் கையில் வரைபடத்தோடு குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலையை 1907ல் கிம்பர்லியில் திறந்தார்கள். கேப்டவுன் மாணவர்கள் கிளர்ச்சி செய்து 2015 ஏப்ரலில் தங்கள் பல்கலைக் கழகத்தின் ரோட்ஸ் சிலையை இறக்க வைத்தார்கள். அது வேறு ஊர். அவர்களுக்கு நம் வாழ்த்து. கிம்பர்லியில் போர் நினைவுச் சின்னம் ஒன்றும் உண்டு. 1899-1900ல் போயர்கள் ஊரை 124 நாள் முற்றுகையிட்டபோது மாண்ட சிப்பாய்களுக்காக ரோட்ஸ் கட்டச் சொன்னது. அதன் காலடியில் பீரங்கி. அதற்குப் பெயரே நெட்டைச் சிசில்! அந்த முற்றுகையில் குண்டுபட்டுச் செத்தவர்களைவிடப் பன்மடங்கு பேர் பட்டினியாலும் ஸ்கர்வி நோயாலும் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். அவர்களுக்கு ஆகாயம் தொடும் தூண் கிடையாது.

ஊரிலுள்ள படக் காட்சிச் சாலையையும் சொல்ல வேண்டும். டக்கன்-குரோனின் என்ற ஐரிஷ்காரர் டி பீர்ஸ் கொட்டடியில் காவலாளியாக இருந்தவர். 1904ல் ஒரு காமிரா வாங்கி, கொட்டடித் தொழிலாளிகளைப் படமெடுக்கத் தொடங்கினார். பின்னர் அவர்களுடைய ஊர்களுக்கே போய் ஆயிரக்கணக்கில் படமெடுத்தார். படங்கள் அழகானவை, மறுக்கவில்லை. மனிதர் இரக்கமுள்ளவராகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் பேர்போனது பழங்குடிகளின் படங்களுக்குத்தான். தோலாடை, மணி மாலை, ஈட்டி! தகரச் சுவருக்குள் தினமும் கண்ட கூலித் தொழிலாளி எங்கே? அவன் ஈட்டி பிடித்த ஆதிவாசியாகவே உலகத்துக்குக் காட்டப்பட்டான். வேடிக்கைப் பொருளாக்கும் இந்த வித்தை அன்றே தொடங்கிவிட்டது.

கிம்பர்லியில் பார்க்க உருப்படியாக ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஏஞ்சல் தெருவில் சால் பிளாட்ஜே வாழ்ந்த வீடு இருக்கிறது. தபாலாபீசில் தந்தி கொண்டு போகும் வேலையில் சேர்ந்து, பத்திரிகை ஆசிரியராகி, 1912ல் பிற்கால ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் முதல் பொதுச் செயலாளரானவர். 1913ல் கறுப்பரின் நிலத்தைப் பறித்த சட்டம் வந்ததும் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், ஆடு மாடுகளோடு ரோட்டில் நின்ற குடும்பங்களைக் கண்டு எழுதினார். 1932ல் இறந்தார்; அந்த ஊர் இடுகாட்டில்தான் கிடக்கிறார். அவர் வாழ்ந்த மலாய் முகாம் என்ற பேட்டையில் ஆப்பிரிக்கர், மலாய்க்காரர், இந்தியர் எல்லோரும் கலந்து குடியிருந்தார்கள். நிலம் டி பீர்ஸுக்குச் சொந்தம். 1939ல் அது நகரசபை கைக்குப் போயிற்று. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பேட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அங்கே நகரசபைக் கட்டிடம் எழுந்தது. 2010ல் அதன் முன்னால் பிளாட்ஜேக்குச் சிலை வைத்தார்கள். மேஜை முன் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறார், தன் பேட்டையை இடித்த இடத்தில்.

கலேஷேவே என்ற ஆப்பிரிக்கக் குடியிருப்பும் அதே ஊரில்தான் இருக்கிறது. 1952 நவம்பர் 8ந் தேதி, அநீதிச் சட்டங்களை மீறும் இயக்கத்தின்போது, அங்கே போலீஸ் சுட்டுப் பத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1969ல் ராபன் தீவிலிருந்து விட்டபின், ராபர்ட் சொபுக்வேயை அங்கேதான் கொண்டு வந்து அடைத்து வைத்தார்கள். 1978ல் சாகும்வரை ஊரைவிட்டு நகர அனுமதியில்லை. கம்யூனிஸ்டுகளை ஒப்பாதவர் அவர். இருந்தாலென்ன? அவர் வாழ்ந்த வீட்டு வாசலில் நிற்கும் பிரயாணி, குதிரை மதுக்கடையில் நிற்பவனைவிட அந்த நாட்டைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்வான்.

"பழங்கதையைக் கிளறி என்ன ஆகப் போகிறது? பிரயாணி வந்தால் நாலு பேருக்குப் பிழைப்பு" என்று சிலர் உபதேசிக்கிறார்கள். வரட்டும், ஐயா! குழியை மூடச் சொன்னோமா? டிக்கெட் கொடுக்கும் பெண்ணின் வேலையைப் பறிக்கச் சொன்னோமா? கண்காட்சிச் சாலையில் தொழிலாளியைப் பற்றி ஒரு மூலையில் நாலு வரி இருக்கலாம். நமக்கு வேண்டியது மூலை அல்ல. மேடையில் ஏறுமுன் பிரயாணி கொட்டடி வழியாக நடந்து போகட்டும். தலைக்கு மேல் அந்தக் கம்பி வலை இருக்கட்டும். பூட்டுப் போட்ட தோல் உறையைக் கையில் மாட்டிப் பார்க்கட்டும். 1888ல் தீயில் மாண்டவர்களில் தெரிந்த பெயர்களைக் கல்லில் வெட்டுங்கள். தெரியாதவர்களுக்கு எண்ணிக்கையையாவது வெட்டுங்கள்.

மேலும், இதைப் பழங்கதை என்றவர் யார்? வெட்டியெடுத்த மண் எங்கேயும் போய்விடவில்லை. ஜாகர்ஸ்ஃபாண்டைனில் வைரக் கழிவைத் தேக்கியிருந்த அணை 2022 செப்டம்பர் 11ல் உடைந்து, சேறு வீடுகளை அடித்துக்கொண்டு போயிற்று, உயிர்களும் போயின. கிம்பர்லியில் டி பீர்ஸ் கம்பெனி தன் சுரங்கங்களையும் கழிவு மேடுகளையும் 2016ல் வேறு கம்பெனிகளுக்கு விற்றுவிட்டு நடையைக் கட்டியது. வேலையற்றவர்கள் அந்த மேடுகளில் சல்லடையோடு ஏறி, நூறு வருஷத்துக்கு முன் தப்பிப்போன பொடி வைரத்தைத் தேடினார்கள். திருடர்கள் என்று துரத்தினார்கள். விடாமல் போராடி, 2018ல் பல நூறு பேர் ஒரு பகுதியில் சட்டப்படி தோண்ட அனுமதி பெற்றார்கள். பெறாதவர்கள் இன்னும் எத்தனையோ பேர். அதே ஊரில், குழியின் கரையில், பிரயாணி காசு கொடுத்து ஒரு வாளிச் சரளை வாங்கிச் சலித்து விளையாட ஏற்பாடு செய்திருந்தார்கள். சல்லடை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். போலீஸ் வந்தது மேட்டுக்கு மட்டும்.