வீட்டு விஞ்ஞானம்: உப்புப் போட்ட ஐஸ்



2020 டிசம்பரில் புரேவிப் புயல் வந்தபோது எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றுவிட்டது. அம்மாவுக்குச் சலரோகம். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த புதிய இன்சுலின் போத்தல் பழுதாகிவிடும் என்ற பயத்தில், தம்பியின் மீன்பெட்டியில் ஐஸ் போட்டு நடுவில் போத்தலைப் புதைத்தேன். பெட்டியின் அடியில் கருவாட்டுக்கு வைத்த கல்லுப்பு கிடந்தது. அதை நான் கவனிக்கவில்லை. காலையில் பார்த்தால் மருந்து கட்டியாகிக் கிடந்தது. உருக விட்டுக் கொடுக்கலாமோ என்று கிளினிக்கில் கேட்டேன். "உறைஞ்ச இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது, எறிஞ்சுவிடுங்கோ அக்கா" என்றார் தாதி.

ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் இடத்தில் குளிர் 0 பாகை செல்சியஸில்தான் நிற்கும். அப்படியிருக்க மருந்து எப்படி உறைந்தது? பிள்ளைகளையும் கூட்டி வைத்துக்கொண்டு நீங்களே செய்து பாருங்கள்.

இரண்டு பால்மாப் பேணிகளை எடுங்கள். இரண்டிலும் நொறுக்கிய ஐஸைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு கைப்பிடி கல்லுப்பைப் போட்டுக் கரண்டியால் கிளறுங்கள். இரண்டு சிறிய பொலித்தீன் பைகளில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு இறுகக் கட்டி, பேணிக்கு ஒன்றாக அமிழ்த்துங்கள். அரை மணித்தியாலத்தில் உப்பில்லாத பேணியின் வெளிப்புறம் வியர்த்திருக்கும். உள்ளே பைத் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். உப்புப் பேணியில் வெள்ளையாகப் பனி படியும். அதனுள் பை கட்டியாகிவிடும். அந்தப் பேணியைப் பிள்ளைகள் வெறுங்கையால் பிடித்திருக்க விடாதீர்கள், தோல் எரிந்துபோகும்.

உப்புக் கரைந்த தண்ணீருக்கு உறைநிலை 0 பாகையை விடக் கீழே. ஆகவே உப்புப் பட்ட ஐஸ் 0 பாகையிலும் உருகிக்கொண்டே போகும். உருகுவதற்கு வெப்பம் வேண்டும். அதைப் பக்கத்தில் இருப்பவற்றிலிருந்து உறிஞ்சுவதால் எல்லாமே இன்னும் குளிர்ந்துவிடும். சரியான அளவு உப்பில் மைனஸ் 21 பாகை வரை இறங்கலாம். ஐஸ்பழம் செய்யும் இடங்களில் அச்சுகளை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவதும் இதனால்தான். தொட்டித் தண்ணீர் உறையாது, அச்சுக்குள் இருப்பது உறையும்.

மீனுக்கு உப்பு ஐஸ் நல்லது, இன்சுலினுக்கு ஆகாது. உப்பில்லாத ஐஸிலும் போத்தல் நேரே படக்கூடாது. சீலையில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். திறக்காத போத்தலுக்கு 2 முதல் 8 பாகை வரை வேண்டும். பாவிக்கத் தொடங்கிய போத்தல் பெரும்பாலும் வெயில் படாத இடத்தில், 25 பாகையளவில், நாலு கிழமை வரை இருக்கும். உங்கள் மருந்துக்கு எவ்வளவு என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1990களில் மின்சாரமே இல்லாமல் இருந்தோமே, அப்போது மண்பானைதானே தண்ணீரைக் குளிர வைத்தது? ஒரு பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் மணலை நிரப்பி, மணலை ஈரமாக வைத்திருங்கள். சின்னப் பானைக்குள் மருந்து டப்பாவை வைத்து ஈரச் சீலையால் மூடி, நிழலில் காற்றுப் படும்படி வையுங்கள். சோளகக் காற்றில் நன்றாகக் குளிரும். மாரியில் காற்றே ஈரம் என்பதால் குளிர்ச்சி குறைவு.

பரிசோதனை முடிந்ததும் உப்புத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அகன்ற பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் உப்பு திரும்பக் கிடைக்கும். அடுத்த முறை பைக்குள் தண்ணீருக்குப் பதிலாகச் சீனி கரைத்த பாலை விடுங்கள், பிள்ளைகளுக்கு ஐஸ்பழம் ஆகும்.