திறந்த காரும் திறந்த லாச்சியும்

கடந்த ஏப்ரல் சீசனில் ஒரு நாள், நுவரெலியா கிரகரி வாவிக்கரையில் எனது பழைய மொரிஸ் மைனர் காரை ஹூட்டை மடித்து நிறுத்தியிருந்தேன். கொழும்பில் துணி வியாபாரம் செய்யும் ஒரு வாலிபர் அதை இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஹாஜியார், இதற்கு ஒரு விலை சொல்லுங்கள். இல்லாவிட்டால் இதே மாதிரி மேல் திறக்கிற கார் ஒன்று தேடித் தாருங்கள்" என்றார். காசுக்கு என்ன வழி என்று கேட்டேன். "கடை ஓ.டி.யில் எடுக்கலாம்" என்றார். அவருக்குச் சொன்ன பதிலை எமது வியாபாரச் சகோதரர்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கார்கள் மலைநாட்டுக்குப் புதியவை அல்ல. மொரிஸ் மைனர் 1948ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. மேல் திறக்கும் வகை ஆரம்பத்திலிருந்தே இருந்து, 1969ல் நின்றது. தோட்டத் துரைமார் இதை விரும்பி ஓட்டினார்கள். 1975ல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, எஞ்சியிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கார்கள் பல இங்கேயே தங்கிவிட்டன. ஹட்டனில் எமது வாப்பாவின் கடையிலிருந்துதான் ஒரு பங்களாவுக்கு மாதச் சாமான் போகும். போகும் நேரத்தில் அந்தத் துரை பாக்கிக் கணக்குக்காகக் காரை விட்டுச் சென்றார். அதுதான் இன்று என்னிடம் இருப்பது.

இன்பம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காலத்தில், விடியற்காலை ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா போய்ப் பாருங்கள். கொழுந்து வாட்டும் தொழிற்சாலைகளின் வாசனை, டெவன், சென் கிளயர் நீர்வீழ்ச்சிகளின் இரைச்சல் எல்லாம் மூடிய காருக்குள் வராது. வழியில் தெரிந்தவர்கள் கை காட்டுவார்கள், நின்று கதைப்பார்கள். கடைக்கு இதைவிட நல்ல விளம்பரம் இல்லை. கல்யாண வீடுகளுக்கும் வாடகைக்குக் கேட்கிறார்கள். 1934 முதல் மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டியைக் கண்ட நுவரெலியாவில், பழைய காருக்கு என்றும் மதிப்பு உண்டு.

இனி மறுபக்கம். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வானம் வெளுப்பதே அரிது. ஹூட் துணியில் பூஞ்சணம் பிடிக்கும். தையல் விட்ட இடத்தால் தண்ணீர் இறங்கி, கம்பளத்துக்குக் கீழே தகரம் துருப்பிடிக்கும். இது சாதாரண காரில் வரும் துருவைப் போன்றதல்ல. மூடிய காரில் கூரையும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். திறந்த காரில் அந்தப் பலம் முழுவதும் தரைக்கும் கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டத்துக்கும் போகிறது. அங்கே துருவென்றால் வீட்டுத் தூணில் கறையான் என்று அர்த்தம். கார் புரண்டால் தலைக்கு மேல் துணி மட்டும்தான். ஆசனத்தில் ஒரு பார்சலை வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போக முடியாது. 2022ல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது, மாதக் கணக்கில் அது கொட்டகையில் கிடந்தது.

என் சொந்தக் கதையைச் சொல்ல வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன். 2006ல் காரைப் புதுப்பிக்க ஆசைப்பட்டேன். முதலில் தரை மட்டும் என்றார் டிங்கர் பாஸ். பிறகு பக்கச் சட்டம் என்றார். பிறகு பெயின்ட், குஷன், ஹூட். ஒவ்வொரு முறையும் "கொஞ்சம்தானே" என்று லாச்சியிலிருந்து எடுத்தேன். எழுதி வைக்கவில்லை. அந்த ஆண்டு ஒக்டோபரில் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் சில நாள் இடைவெளியில் வந்தன. தோட்ட மக்கள் தீபாவளி முற்பணத்துடன் டவுனுக்கு இறங்கும் காலம். வருடத்தின் பெரிய வியாபாரம் அதுதான். அந்த நேரத்தில் நான் கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக் திரும்பியது. "நானா, உங்கள் வாப்பா காலத்திலிருந்து கடனுக்குக் கொடுத்தோம். இனிக் காசுக்குத்தான்" என்றார் அவர். அவரில் பிழை இல்லை. கடை வாசலில் கார் பளபளத்தது, உள்ளே தட்டுகள் வெறுமையாக இருந்தன. வந்தவர்கள் காரைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் சாமான் வாங்கினார்கள். அந்த நம்பிக்கையை மீட்க எனக்கு மூன்று வருடம் சென்றது.

ஆகவே நான் சொல்வது இதுதான். வியாபாரத்தின் முதலும் ஆசையின் செலவும் ஒரே லாச்சியில் இருக்கக் கூடாது. வருட இலாபத்தைக் கணக்குப் பார்த்து, வீட்டுப் பங்கென்று ஒதுக்கியதிலிருந்து கார் வாங்குங்கள். வாங்கும் விலையோடு காப்புறுதி, வரிப்பத்திரம், கொட்டகை, ஹூட் மாற்றும் செலவு எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். மூடிய காரின் கூரையை அறுத்துவிட்டு, "கம்பனியிலேயே திறந்தது" என்று விற்பவர்களும் இருக்கலாம். பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள், காரை உயர்த்திக் கீழே பாருங்கள்.

"பழைய கார் விலை ஏறிக்கொண்டேதான் போகும், அதுவும் ஒரு முதலீடு" என்று சிலர் சொல்வார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, எந்தப் பழைய வாகனத்துக்கும் விலை ஏறியது உண்மை. 2025 பெப்ரவரியில் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. கதவை மூடியதால் ஏறிய விலையை நிரந்தரம் என்று நம்பி முதல் போடுவது வியாபாரியின் வேலையல்ல. விற்பதற்கென்றே வாங்கினால் அது சரக்கு. சரக்குக் கணக்கில் எழுதுங்கள், ஸகாத்திலும் சேருங்கள். ஓட்டி மகிழ வாங்கினால் அது செலவு. இரண்டுக்கும் நடுவில் வைத்து மனதை ஏமாற்ற வேண்டாம்.

உண்மையான வியாபாரக் கண் எது என்றும் சொல்கிறேன். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் தொழில் செய்த சார்ல்ஸ் வெயார் என்பவர், இலங்கைப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து, இந்தக் காரின் உதிரிப்பாகங்களை எமது நாட்டிலேயே செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பழைய காரில் ஆசைப்படுபவர்களுக்கு என்ன தேவை என்று பார்த்து அதையே தொழிலாக்கினார்கள்.

அந்த வாலிபரிடம் இதையெல்லாம் சொல்லி, ஒரு மணி நேரம் காரை ஓட்டவும் கொடுத்தேன். திரும்பி வந்து சாவியைத் தந்தபோது, "ஓ.டி. வேண்டாம் ஹாஜியார், இரண்டு வருடம் பொறுக்கிறேன்" என்றார். பொறுத்தால் இன்ஷா அல்லாஹ் நல்ல காராகக் கிடைக்கும். என் காரை நான் விற்கவில்லை. வாப்பா பாக்கிக்கு வாங்கிய கார் அது. பாக்கிக்காரனாக அதை ஓட்ட நான் இனித் தயாரில்லை.