ஒப்பிக்க ஓர் ஆள் வேண்டும்



எங்கள் ரெட்டிபாளையம் பகுதியில் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அரியலூர் மண்ணுக்கடியில் அல்லாஹ் வைத்திருக்கும் சுண்ணாம்புக்கல்லை நம்பியே இங்குச் சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. அந்த ஆலைகளுக்குள் வேலைக்குச் செல்வோரைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் மின்சாதனங்களைப் பழுது பார்க்கத் தெரிந்தவர். இன்னொருவர் சரக்குக் கணக்கைக் கணினியில் எழுதத் தெரிந்தவர். மற்றொருவர் தனியாக எந்த வேலையும் தெரியாததால் மூட்டை ஏற்ற வந்தவர். மூவரிடமும் கல்லூரிப் பட்டம் இருக்கலாம். எனினும் மூவருக்கும் கூலி வேறு வேறு. வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் நிலையும் இதுவேதான். கடன் வாங்கி விசா எடுத்து அனுப்புகிறோம். கையில் தொழில் உள்ளவன் ஈராண்டில் கடனை அடைக்கிறான். தொழில் தெரியாதவன் ஆண்டுக்கணக்கில் வட்டிக்கும் வாடகைக்கும் உழைக்கிறான்.

நம் இல்லங்களில் பட்டம் பெற்ற ஆண்களும் பெண்களும் இன்று நிறையவே இருக்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் பட்டத்திற்கும் வேலைக்கும் இடையே ஒரு பள்ளம் கிடக்கிறது. அதைத் தூர்க்கத் தொழில் திறன் வேண்டும். அதனைக் கற்பிக்கும் பாடங்கள் பல, கட்டணமே இல்லாமல் இணையத்தில் கிடைக்கின்றன. வீட்டிலுள்ள கைப்பேசியிலேயே அவற்றைத் திறக்கலாம். இருந்தும் அவை நம்மில் எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கின்றன? இம்மாதம் இதுபற்றிச் சிந்திப்போம்.

என்னென்ன பாடங்கள் உள்ளன?

முதலில் நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது என்.பி.டி.இ.எல். என்னும் திட்டம். சென்னை உள்ளிட்ட ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ஆம் ஆண்டு தொடங்கியது இது. அந்நிறுவனங்களின் பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களை எந்த ஊரிலிருந்தும் எவரும் கேட்கலாம். 2014 முதல் தேர்வும் சான்றிதழும் இதில் உண்டு. பாடங்கள் 4, 8, 12 வாரங்கள் என அமைந்துள்ளன. வாரந்தோறும் பயிற்சி வினாக்களுக்கு விடை அனுப்ப வேண்டும். இறுதியில் தேர்வு மையத்திற்கு நேரில் சென்று எழுத வேண்டும். பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75 என மதிப்பெண்கள் கணக்கிடப்படுகின்றன. படிப்பதற்குக் கட்டணம் இல்லை. தேர்வு எழுத விரும்புவோர் மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் செலுத்த வேண்டும். பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் தரப்பட்டுள்ளது.

2017 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ‘ஸ்வயம்’ தளத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் முதுகலை வரை பாடங்கள் உள்ளன. இதில் பெறும் மதிப்பெண்களைக் கல்லூரிப் படிப்பின் பகுதியாக ஏற்கவும் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் 40 விழுக்காடு வரை இடமளித்தது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் தத்தம் துறைத் தலைவரிடம் இதுபற்றிக் கேட்டுப் பார்க்கட்டும். தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் பயிற்சிகளும் கல்லூரிகள் வழியே நடைபெறுகின்றன.

கல்லூரிப் பக்கம் போகாதவர்களுக்கும், ஆங்கிலம் கண்டு அஞ்சுவோருக்கும் ஏற்றது மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’. எழுத்து வேலை, கணக்கு அட்டவணை, கணினி மொழிகள் முதலியவற்றைப் பத்து நிமிட அளவிலான சிறு சிறு பாடங்களாகப் பிரித்து இந்திய மொழிகளில் தந்திருக்கின்றனர்; தமிழிலும் உண்டு. கணினித் திரையின் ஒரு பாதியில் பாடத்தைப் பார்த்துக்கொண்டே, மறுபாதியில் தானும் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது இதன் முறை. இதில் கற்பிக்கப்படும் லிப்ரே ஆஃபீஸ் போன்ற மென்பொருள்கள் எல்லோருக்கும் இலவசமாகவே வழங்கப்படுபவை. பிறர் விலைக்கு விற்கும் மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பதிந்து பழகுவது ஹக்கை மீறுவதாகும். அந்தப் பாவம் இன்றியே கற்க வழி இருக்கிறது.

தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர்

இவ்வளவும் இருந்தும் பயன் ஏன் குறைவு? இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகிய இரு பல்கலைக்கழகங்கள் இணையத்தில் நடத்திய பாடங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயிற்று. 2017-18-இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர்தான்! பெயர் பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தைத் தொடங்கவே இல்லை. ஆனால் சான்றிதழுக்காகக் கட்டணம் செலுத்திச் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் முடித்திருந்தனர். பாடம் ஒன்றே, ஆசிரியரும் ஒருவரே. ஒரு தரப்பார் தம்மைக் கட்டுப்படுத்திக் கொண்டார்கள்; மற்றவர்கள் கட்டின்றி இருந்தார்கள். வேறுபாடு அதுதான்.

மதரஸாவில் ஹிஃப்ழு ஓதும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆயத்துகளை ஒரு சிறுவன் நெஞ்சில் ஏற்றி விடுகிறான். அவனுக்குக் குர்ஆன் பிரதி கையில் இருப்பது மட்டும் போதுமா? பிரதி எல்லா வீட்டு அலமாரியிலும்தான் இருக்கிறது. அவன் அன்றாடம் சிறிதளவு சபக் எடுக்கிறான். மறுநாள் காலை உஸ்தாதின் முன் அமர்ந்து ஒப்பிக்கிறான். பழைய பாடங்களைத் தௌர் ஓதிப் புதுப்பிக்கிறான். ஒருநாள் ஒப்பிக்காவிட்டால் உஸ்தாத் கேட்பார் என்பது அவனுக்குத் தெரியும். அளவான பாடம், தவறாத நேரம், கேட்பதற்கு ஓர் ஆள் ஆகிய இந்த மூன்றும்தான் அவனை ஹாஃபிழ் ஆக்குகின்றன.

இணையத்துப் பாடத்தில் ஆசிரியர் இருக்கிறார். ஆனால் நீங்கள் வராததை அவர் அறியமாட்டார். ஒப்பிக்கக் கேட்கும் அந்த ஆளைத்தான் அங்கே காணோம். அவரை வீட்டிலிருந்தும் மஹல்லாவிலிருந்தும் நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும்.

இரு வீடுகள்

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் ஓராண்டில் பதினொரு பாடங்களுக்குப் பெயர் பதிந்தார். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு, மூன்று வகுப்புகளைக் கேட்டார். ஆண்டு முடிவில் ஒரு சான்றிதழும் இல்லை, ஒரு வேலையும் தெரியவில்லை. அவர் சோம்பேறி அல்லர். இரவெல்லாம் விழித்துப் பாடம் பார்த்தவர்தான். ‘எதுவரை வந்திருக்கிறாய்?’ என்று அவரிடம் கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை. கைப்பேசியும் கையுமாக இருக்கிறான் என்று தந்தையார் கடிந்துகொண்டதுதான் மிச்சம்.

வேறொரு வீட்டில் பி.காம். முடித்த பெண் இருந்தார். வீட்டிற்கு ஒரே கைப்பேசி. அது தந்தையாருடன் கடைக்குப் போய்விடும். இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் அது மகளுக்கே உரியது என்று வீட்டில் முடிவு செய்தார்கள். அந்த ஒரு மணி நேரத்திற்கு அவரைப் பாத்திரம் கழுவ அழைப்பதில்லை என்றும் தாயார் தீர்மானித்தார். தாயாருக்கு ஆங்கிலமும் தெரியாது, கணினியும் தெரியாது. ஆயினும் நாள்தோறும் படுக்கப் போகுமுன், ‘இன்று என்ன படித்தாய்? எனக்கு விளங்கும்படி சொல்லு’ என்று கேட்பார். புரியாத இடத்தில் மறுபடியும் கேட்பார். தாய்க்கு விளங்கவைக்க முயன்றபோதுதான் தமக்கே எது விளங்கவில்லை என்பது மகளுக்குத் தெரியவந்தது. பன்னிரண்டு வாரத்தில் பாடம் முடிந்தது. பின்னர் உறவினர் வீட்டுக் கணினியில் பழகி, இன்று ஒரு வியாபாரியின் கணக்குகளை வீட்டிலிருந்தபடியே எழுதித் தருகிறார். வருமானம் பெரிதன்று. ஆனால் தம்பியின் கல்லூரிக் கட்டணத்தில் அவர் பங்கும் இருக்கிறது.

தாய்மார்களே! உங்களுக்குப் படிப்பு இல்லையே என்று தயங்காதீர்கள். பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டாம். அவன் சொல்வதைக் கேளுங்கள், அது போதும்.

எப்படித் தொடங்குவது?

முதலாவதாக, என்ன வேலைக்காகப் படிக்கிறோம் என்பதை முடிவு செய்யுங்கள். ஜைது பின் தாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுவருமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவர்கள் ஏறத்தாழ அரை மாதத்தில் அதைக் கற்று, பின்னர் பெருமானாருக்காகக் கடிதங்களை எழுதவும் படிக்கவும் செய்தார்கள் என்று அறிவிப்புகளில் காண்கிறோம். என்ன தேவைக்காகக் கற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. ஆகவே உங்கள் ஊரிலோ நீங்கள் போக விரும்பும் இடத்திலோ எந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். ஆலையில் பணிபுரியும் உறவினரை, கடை முதலாளியை, வளைகுடாவில் இருக்கும் மச்சானைக் கேளுங்கள். அந்த வேலைக்குரிய ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். அது முடியும்வரை இன்னொன்றைத் தொடாதீர்கள்.

இரண்டாவதாக, நேரத்தைத் தொழுகையோடு இணைத்துக்கொள்ளுங்கள். ஃபஜ்ருக்குப் பின் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நினைவூட்ட வேறு மணியே வேண்டாம். ஒரே நாளில் ஐந்து வகுப்பு கேட்டு மறுவாரம் விட்டுவிடுவதைக் காட்டிலும், நாளுக்கு ஒன்று வீதம் கேட்பது நிலைக்கும்.

மூன்றாவதாக, கேட்பதோடு நில்லாமல் கையால் செய்யுங்கள். நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியாது. கணக்கு அட்டவணையைக் கைப்பேசியில் பார்த்தால் மட்டும் விரல் பழகாது; வாரத்தில் இரு நாளேனும் கணினி முன் அமர வேண்டும். மின்பணி, பற்றவைப்பு போன்ற தொழில்களுக்கு இணையப் பாடம் அறிவைத் தரும். கைப்பழக்கத்தைப் பட்டறையிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோதான் பெற வேண்டும்.

நான்காவதாக, தேர்வு எழுதுங்கள். அந்த ஆயிரம் ரூபாயை வீண்செலவாக எண்ணாதீர்கள். பணம் கட்டியவன் பாதியில் விடத் தயங்குவான். அதே வேளையில், சான்றிதழ் கிடைத்தாலே வேலை கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். நேர்முகத்தில் செய்து காட்டச் சொல்வார்கள். அப்போது காகிதம் பேசாது. ‘இலவசப் பயிற்சி’ என்று அழைத்துவிட்டு, வேலை உறுதி என்று முன்பணம் கேட்போரிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

ஜமாஅத்தார் கவனத்திற்கு

பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுதத் தெரிந்தும் பொருளில்லாதவர்கள், மதீனாவின் சிறுவர்கள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றனர் என்பது வரலாறு. கற்பித்தவர்கள் அந்நியர்கள், அதுவும் போரிட வந்தவர்கள்! கல்வி எங்கிருந்து வந்தாலும் பெற்றுக்கொள்ளும் மனம் அங்கே இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். எத்தனை நாள் வகுப்பு நடந்தது என்பதன்று, பிள்ளைகள் கற்றுத் தேறினார்களா என்பதே விடுதலைக்கு அளவாக இருந்தது.

மஹல்லாதோறும் மக்தப் நடக்கும் கூடம், பிள்ளைகள் சென்றபின் பல மணி நேரம் காலியாகவே கிடக்கிறது. அங்கே இரண்டு பழைய கணினிகளும் ஓர் இணைய இணைப்பும் வைப்பது ஜமாஅத்துக்குப் பெரிய செலவன்று. ஒரு திருமண விருந்தில் வீணாகும் உணவின் விலைகூட ஆகாது. அஸருக்குப் பின் பெண்களுக்கு, இஷாவுக்குப் பின் ஆண்களுக்கு என நேரம் பிரிக்கலாம். ஒரே பாடத்தை நான்கைந்து பேர் சேர்ந்து எடுக்கட்டும். வாரத்திற்கு ஒருநாள் ஒருவருக்கொருவர் ஒப்பித்துக் கொள்ளட்டும். ஆலையிலோ அலுவலகத்திலோ பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் அந்த நாளில் வந்து அமர்ந்து, ‘எங்கே, செய்து காட்டுங்கள்’ என்று கேட்டால் அதுவே பெரிய ஸதகா. ஆண்டு விழாவில் கிராஅத் போட்டிக்குப் பரிசு தரும்போது, ஒரு தொழிற்பாடத்தை முழுமையாக முடித்தவருக்கும் ஒரு பரிசு தரலாமே! அவருடைய தேர்வுக் கட்டணத்தை பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாமே!

பாடம் தேடித் தொலைவு செல்லும் சிரமம் இக்காலத்தில் குறைந்துவிட்டது. முன்னோர்கள் ஒரு ஹதீஸுக்காக மாதக்கணக்கில் பயணம் செய்தார்கள். நமக்கோ உஸ்தாதே வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறார். ஆகவே இன்றிரவே உங்கள் பிள்ளையை அழைத்து உட்கார வையுங்கள். ‘எந்த ஒரு பாடத்தை எடுக்கப்போகிறாய், எந்த நேரத்தில் படிக்கப்போகிறாய், யாரிடம் ஒப்பிக்கப்போகிறாய்?’ என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடையாக உங்கள் பெயரையே சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், ஹலாலான ரிஸ்க்கையும், தொடங்கியதை முடிக்கும் உறுதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.