மலை ஏற டிக்கெட்டா?

2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 மலைப் பாதைகளை நடந்து போகத் திறந்து விட்டது. நம் பக்கத்து ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் அதில் உண்டு. இன்டர்நெட்டில் பதிவு செய்து, பணம் கட்டி, வழிகாட்டியோடு போக வேண்டும். "மலை ஏறக்கூட டிக்கெட்டா? காலம் கெட்டுப் போச்சு!" என்று மோவாயில் கை வைக்கிறவர்கள் குரங்கணியை மறந்து விட்டார்கள்.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல் தீப்பிடித்து, மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மகளிர் தினத்தை ஒட்டிக் கிளம்பிய பெண்களும் அதில் இருந்தார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் பள்ளத்தில் இறங்கினார்களாம். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் போட்டது. கோடையில் தீப்பிடிக்கும் என்று பாதையை மூடினால் முணுமுணுக்கக் கூடாது. வழிகாட்டிகளும் அந்தந்த மலை ஜனங்கள்தான். நாம் கட்டும் காசில் அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிகிறது.

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை. திமிரியிலிருந்து ஆற்காடு, வேலூர் என்று பஸ் மாறிப் போய், தலைக்கு இவ்வளவு என்று கட்ட எந்த வீட்டில் மனசு வரும்? "அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு ரெண்டு நோட்டு வாங்கலாம்" என்று நாமே சொல்லி விடுவோம். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல், ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்க வேலை பார்க்கும் பெண்களுக்கு ஞாயிறு ஒரு நாள்தான். அதுவும் துணி துவைக்கவே சரியாகப் போகும். மாதத்தில் ஒரு ஞாயிறு, உள்ளூர்ப் பெண்களுக்கு மட்டும் பாதிக் கட்டணம், பெண் வழிகாட்டி என்று வைத்தால் என்ன? சுய உதவிக் குழுக்கள் மூலம் பெயர் கொடுத்தால் இன்டர்நெட் தொல்லையும் இல்லை.

மலை வேண்டாம், முட்டி வலி என்பவர்களுக்குப் பூங்காவாவது உருப்படியாக இருக்க வேண்டாமா? பக்கத்து ஊர்ப் பூங்கா ஒன்றில் பெண்கள் கழிப்பறைக்கு எப்போது போனாலும் பூட்டுதான். அப்புறம் எந்தப் பொம்பளை வாக்கிங் வருவாள்?

நம் பக்கமும் குறை உண்டு. பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியிலேயே தடை வந்தாச்சு. இன்னும் புளிசாதத்தை அதில்தான் கட்டிப் போய், தின்ற இடத்திலேயே போட்டு வருகிறோம். தூக்குவாளி எதற்கு இருக்கிறது, பரணில் தூங்கவா?

சுவாமிமலை ஏறி வந்த சகோதரிகள் யாராவது இருந்தால், பாதை எப்படி, நம் வயதுக்கு முடியுமா என்று எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, திமிரி.