பீரோவில் இருக்கும் உறவு

சங்கராபுரம் பக்கத்தில் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் உறவுமுறை எழுத்தில் இருப்பது மொய் நோட்டில் மட்டும்தான். யார், எந்த ஊர், எவ்வளவு செய்தார் என்று பழைய கல்யாணக் கணக்குகூட பீரோவில் பத்திரமாக இருக்கிறது. திருப்பிச் செய்யவேண்டிய பணமாயிற்றே! பாட்டியைப் பெற்றவள் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தாள் என்று கேட்டால் விழிக்கிறோம். சொல்லத் தெரிந்தவர்கள் திண்ணையில்தான் இருந்தார்கள். நாம் உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தோம்.

வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போகும்போது தாத்தா பெயர் தேவைப்படுகிறது. அப்போதும் அத்தைகளின் பெயரைச் சேர்க்க நா தயங்குகிறது; பங்கு கேட்டுவிடுவார்களோ என்ற பயம். குலதெய்வக் கோயில் பங்காளிகளைச் சேர்த்துவைத்திருப்பது உண்மைதான். ஆனால் அது ஆண்வழி. பெண்வழியை நினைவில் வைத்திருந்தது பெண்கள்தான், அவர்களிடம் நாம் கேட்கவே இல்லை.

நாம் விட்டதை வேறொருவர் உட்கார்ந்து படித்தார். ஆர்க்காட்டுப் பகுதி அமெரிக்க மிஷனரிகள் மூலம் கிடைத்த தமிழ் முறைப்பெயர்களை, அமெரிக்கப் பூர்வகுடிகளான இரோக்குவாய் மக்களின் முறைகளோடு வைத்துப் பார்த்தார் மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன். அப்பாவின் உடன்பிறந்தானும் ஒரு அப்பாதான், அவர் பிள்ளைகள் நமக்கு அண்ணன் தங்கை. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை வேறு கணக்கு. இரண்டு இடத்திலும் இதே ஒழுங்கு. இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1871இல் வந்தது. இரு மக்களும் ஒரே வம்சம் என்று அவர் கண்ட முடிவு பின்னால் நிற்கவில்லை. திராவிட உறவுமுறை என்பது மானிடவியலில் இன்றும் ஒரு பாடம். நம் பிள்ளைகளுக்கோ எல்லோரும் கசின். அப்படிக் கூப்பிடப் பழக்கியதும் நாம்தான், அது சுலபம் என்பதால்.

மொழியிலும் இதே கதை. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816இல் எடுத்துக்காட்டினார். கால்டுவெல் பாதிரியார் 1856இல் அதை விரித்தெழுதினார். தமிழே மூத்தது என்று மேடையில் முழங்குகிறோம். நீலகிரியின் தோடாவையும் கோத்தாவையும், ஒடிசாவின் குயியையும், பலுசிஸ்தானின் பிராகுயியையும் உடன்பிறந்த மொழிகளாக நினைத்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அவ்வளவு தூரம் எதற்கு? கல்வராயன் மலை இதோ இருக்கிறது. அங்குள்ள மலையாளிப் பழங்குடியினரைக் கேரளத்துக்காரர்கள் என்று எண்ணியவர்கள் நம்மூரிலேயே உண்டு. அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழி நாங்கள் என்பது அவர்கள் மரபுக்கதை. எந்த மலைக்கு எந்தச் சகோதரன் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். ஆனாலும் கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலை ஆட்களைச் சொந்தமென்று நினைக்க அந்தக் கதை அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. நாம் அவர்களிடம் தேனுக்கும் புளிக்கும் பேரம் பேசியதோடு சரி.

இன்னும் காலம் போய்விடவில்லை. வீட்டில் மூத்த பெண்மணி யாரோ அவர் பக்கத்தில் ஒரு மாலை உட்காருங்கள். தாய்வழி, தந்தைவழி இரண்டையும், கட்டிக்கொடுத்த பெண்களின் பெயர் ஒன்றுகூட விடாமல், கேட்டு எழுதுங்கள்.