பெயரை எழுதி வையுங்கள்

வங்கியில் முதியோர் ஓய்வூதியம் வாங்க வரும் கிழவிகளின் படத்தை ஒட்டி, கைநாட்டு வாங்கி, முத்திரை குத்துவதும் என் வேலை. எங்க ஆயாவுக்கு இருக்கும் ஒரே படமும் அப்படி விண்ணப்பத்துக்காக எடுத்ததுதான். கண்ணெல்லாம் பயம்.

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் சனங்களின் மூக்கை அளந்தார், படம் பிடித்தார். ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகளாக வந்தது. படங்களுக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர்தான். ஆளின் பெயரைக் காணோம்.

தென்னாப்பிரிக்காவிலும் இதே கதைதான். டக்கன்-குரோனின் கறுப்பின மக்களை இனக்குழு வாரியாகப் படம்பிடித்து, 1928 முதல் 1954 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்டார்.

இதற்குப் பதில் சொன்னவர் சாண்டு மொஃபோகெங். 1956இல் சோவெட்டோவில் பிறந்து, தெருவில் படம் எடுத்துப் பிழைத்தவர். நிறவெறிக்கு எதிரான அஃப்ராபிக்ஸ் புகைப்படக் குழுவில் இருந்தவர். 1990களில் அவர் கறுப்பினக் குடும்பங்களைத் தேடிப் போனார். 1890க்கும் 1950க்கும் இடையில் எடுத்து, பெட்டியில் கிடந்த ஸ்டூடியோப் படங்களைத் திரட்டினார். இது யாரு, எந்த ஊரு, யார் எடுத்தது என்று விசாரித்தார். கிடைத்த பெயரை எழுதினார். கிடைக்காத இடத்தில் கேள்வியை எழுதினார். 'கறுப்புப் புகைப்பட ஆல்பம்: என்னைப் பார்' 2013இல் நூலாகவும் வந்தது. 2020இல் அவர் இறந்தார்.

அந்தப் படங்களில் கோட்டும் தொப்பியுமாக நிற்கிறார்களே, வெள்ளைக்காரனைக் காப்பியடிப்பதுதானே என்று கேட்கலாம். மொஃபோகெங்கும் கேட்டார்; அவசரத் தீர்ப்புச் சொல்லவில்லை. சேரி முகப்பில் அம்பேத்கரின் நீலக் கோட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்கும். அளக்க வந்தவனுக்கு, விரும்பிய உடையில் நிமிர்ந்து நிற்பதே ஒரு பதில்.

காப்பகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஞ்சமி நிலம் கேட்கும்போது, செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை நமக்கு ஆதாரமாகிறது. ஆனால் அதுவும் நம்மைப் பற்றி இன்னொருவர் எழுதியது. நாம் எழுதியது எங்கே?

மாணவத் தோழர்களே, அடுத்த விடுமுறையில் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறங்கள். கரையான் அரிப்பதற்குள், விவரம் தெரிந்த கிழவி உயிரோடு இருக்கும்போதே, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள்.

நானும் உட்கார்ந்தேன். விண்ணப்பத்தில் எவனோ ஒரு பெயர் போட்டிருக்கிறான். ஊரில் ஆயாவைக் கூப்பிட்டது வேறு பெயர். அது எனக்கே தெரியல. சித்தப்பாவைக் கேட்டுத்தான் எழுதினேன்.