ஒரு கையின் பாரம்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர் தம் சக்கர நாற்காலியைத் தாமே உருட்டி அங்கே செல்ல இயலுமா?

சாதாரண நாற்காலியை ஒரு கையால் தள்ளினால் அது வட்டமடிக்கும். ஆகவே ஒருகை நாற்காலியில் இரு தள்ளுவளையங்களும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஒன்று அருகிலுள்ள சக்கரத்தைச் சுழற்றும். மற்றது அச்சின் வழியே எதிர்ச்சக்கரத்தைச் சுழற்றும். நேரே செல்ல இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

கைக்கு எவ்வளவு வேலை? கணக்கிடுவோம். ஆளும் நாற்காலியும் 84 கிலோ என்று கொள்வோம். 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவில் பின்னிழுக்கும் விசை ஏறத்தாழ 7 கிலோ எடைக்குச் சமம். இரு கைகள் பகிர வேண்டியதை ஒரே கை சுமக்கிறது. வளையம் சக்கரத்தைவிடச் சிறியது. எனவே விசை மேலும் கூடும். வியர்வையில் வளையம் வழுக்கினால் பிடியை இன்னும் இறுக்க வேண்டும். அடுத்த தள்ளலுக்குக் கையை எடுத்தாலோ நாற்காலி பின்னே உருளும்!

சரிவுப்பாதை கட்டியதும் கடமை முடிந்தது என்பது சரியன்று. வளையத்துக்கு ரப்பர் உறை வேண்டும். சரிவு மென்மையாக, இடையிடையே சமதளத்துடன் அமைய வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடையற்ற வசதி மாற்றுத்திறனாளிகளின் உரிமை, சலுகையன்று.

உங்கள் பள்ளியின் சரிவுப்பாதையை அளந்து, நீளத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 12-க்குக் குறைந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள்.